கிட்டாருக்கு 12 செட்டா, 11 செட்டா?

கேள்வி:
என்னுடையது டிரெட்நாட் (பெரிய உடம்பு உள்ள) அக்குஸ்டிக் கிட்டார். 12-53 செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) மாட்டியிருக்கு. பிக் கிடையாது, விரலால்தான் வாசிக்கிறேன். எஃப் பார் கார்டு (ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் பத்தே நிமிஷத்தில் ஆள்காட்டி விரல் மரத்துப்போகுது. வீடு திருவான்மியூர் கடலோரம். மூணு வாரத்தில் கம்பி கறுத்துச் சொரசொரன்னு ஆகிடுது. 10-க்கு இறங்கலாமா? வீட்டில் கிடக்கும் கிளாசிக்கல் கிட்டாருக்கும் இதே கம்பி போடலாமா அண்ணா?

பதில்:
கடைசிக் கேள்விதான் முதல்ல: போடவே போடாதீங்க தம்பி. ஸ்டீல் 12 செட் ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும்; கிளாசிக்கலுக்கான நைலான் கம்பி 40 கிலோ அளவுதான். என் மாமாவோட கிளாசிக்கல்ல தெரியாம ஸ்டீல் மாட்டினேன். பிரிட்ஜ் (கம்பியை உடம்போட பிணைக்கிற கட்டை) பின்பக்கம் எழும்பி, நகம் நுழையிற அளவு இடைவெளி. இன்னும் அது மனசுல உறுத்துது.

டிரெட்நாட்டுக்கு 11-52 பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுங்க. விரல் வாசிப்புக்கு அந்த இதமான நாதம் பொருந்தும். 80/20 பிரான்ஸ் (80% செம்பு, 20% துத்தநாகம்) புதுசுல பளிச்சுன்னு இருக்கும், சீக்கிரம் மங்கிடும். 10 போட்டா அவ்வளவு பெரிய உடம்புக்கு பேஸ் (அடித்தொனி) மெலிஞ்சுடும்.

இன்னொரு பதில்:
கம்பி மாத்தறதுக்கு முன்னாடி முதல் ஃபிரெட்ல (கழுத்துல பதிச்ச உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டி, அதே எஃப் வடிவத்தைப் பிடிச்சுப் பாருங்க. சட்டுனு சுலபமானா நட் (கழுத்தோட மேல்முனையில கம்பி உட்கார்ற பட்டை) உயரம்தான் கோளாறு. கடற்காத்துக்கு எலிக்ஸர் மாதிரி பூச்சு உள்ள கம்பி வாங்குங்க. வாசிச்சதும் பருத்தித் துணியால கம்பிக்கு அடியிலயும் துடைங்க.

கேட்டவர்:
கேப்போ போட்டதும் விரல் வலியே இல்ல! நாளைக்கே நட்டைச் சீவக் கொடுக்கிறேன்.