பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து சால்மன் ட்ரோலிங்: திரையில் மீன் தெரிகிறது, தூண்டிலில் படவில்லை

கேள்வி: ஸ்காபரோ தூண்டில்காரன்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் 18 அடி அலுமினியப் படகு ஒன்றில், கனடாவின் டொராண்டோவிலுள்ள ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க் இறங்குதுறையிலிருந்து ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மனுக்காக ட்ரோலிங், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்து மீன்பிடித்தல், செய்து வருகிறோம். தூண்டிலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர்கள் இரண்டும், அவற்றின் கம்பியில் தொங்கும் 12 இறாத்தல் குண்டுகளும் எங்களிடம் உள்ளன. ஒரு பக்கம் சுழன்று மின்னும் தகடான ஃப்ளாஷரும் அதன் பின்னால் ஃப்ளை என்னும் இழைத் தூண்டிலும், மறுபக்கம் ஸ்பூன் என்னும் பச்சை நிற ஒளிரும் உலோகப் போலி இரையும் கட்டுகிறோம். ஜூலை இறுதியில் 70 முதல் 80 அடி ஆழத்தில் நல்ல மீன்பாடு இருந்தது. கடந்த வாரம் இரண்டு நாள்கள் பலத்த மேற்குக் காற்று வீசி ஓய்ந்த பிறகு சென்றபோது, கரையோரத்தில் நீரின் மேல்மட்ட வெப்பநிலை 21 பாகையிலிருந்து 11 பாகை செல்சியசுக்கு இறங்கியிருந்தது. சோனார் திரையில் 110 அடித் தரையை ஒட்டி, மீன்களைக் குறிக்கும் தடித்த வளைவுகள் தொடர்ந்து தெரிந்தன. ஜிபிஎஸ் காட்டிய வேகம் மணிக்கு 2.5 மைல், அதை நாங்கள் மாற்றவில்லை. ஆனால் காலை முழுவதும் ஒரு கொத்துகூட இல்லை. எங்களுக்குத் தெற்கே, கண்ணுக்கு எட்டும் தொலைவில், மூன்று படகுகளில் அடுத்தடுத்து அத்தாங்கு வலை இறங்கிக்கொண்டிருந்தது.

ஆழத்தை மாற்ற வேண்டுமா, வேகத்தையா, போலி இரையையா? அந்தப் படகுக்காரர்களிடம் வானொலியில் கேட்பது முறையா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வடகரை வலைஞர்

தம்பி, உங்கள் கேள்விக்கான பாதி விடை நீங்கள் எழுதிய மேற்குக் காற்றிலேயே இருக்கிறது. நமது வடகரையில் மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீர் காற்றின் போக்குக்கு வலப்புறமாக, அதாவது தெற்கு நோக்கித் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. 21 பாகை 11 ஆனது அதனால்தான். சினூக் பெரும்பாலும் விரும்புவது 10 முதல் 13 பாகை வரையுள்ள நீரை. ஜூலையில் அந்த நீர் 70 அடியில் இருந்தது. காற்றுக்குப் பிறகு அது மேல்மட்டத்துக்கே வந்துவிட்டது. உங்கள் குண்டு 75 அடியில் நின்றிருந்தால், அது ஐந்து பாகை அளவில் உள்ள நீரில் சும்மா ஊர்ந்துகொண்டிருந்திருக்கும். அந்த மூன்று படகுகளும் தெற்கே நின்றது தற்செயல் அல்ல. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பில் அலைவைஃப் என்னும் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடி சால்மன் வரும்.

ஆகவே இப்படிப்பட்ட நாளில் முதலில் பார்க்க வேண்டியது சோனார் வளைவுகளை அல்ல, மேல்மட்ட வெப்பமானியை. நேர் தெற்காக ஓடுங்கள். 11 இருந்தது 13, 14 என ஏறி, ஒரு குறுகிய தூரத்துக்குள் 17க்குத் தாவும் இடம் வரும். அந்த விளிம்பை ஒட்டிக் குண்டுகளை 25 முதல் 45 அடிக்குள் வைத்து, விளிம்பை நெய்வதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து செல்லுங்கள். மீன் ஆழமின்றி இருப்பதால் படகின் நிழலும் இரைச்சலும் அதை விரட்டும். எனவே குண்டிலிருந்து ஸ்பூன் வரையுள்ள இடைவெளியை வழக்கமான 15, 20 அடியிலிருந்து 50 அடிக்கு மேல் நீட்டுவது நல்லது.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்துப் படகு நகரும் வேகத்தை மட்டுமே. 60 அடிக்குக் கீழே உங்கள் ஸ்பூன் எந்த வேகத்தில் நீரைக் கடக்கிறது என்பதை அது அறியாது. ஏரியின் அடிநீரோட்டம் சில நாள்களில் மேல்நீரோட்டத்துக்கு நேர் எதிராகவும் ஓடும். குண்டின் அருகே வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அது இல்லாதவர்கள் டவுன்ரிக்கர் கம்பியைப் பார்க்கப் பழக வேண்டும். கிழக்கே 2.5 மைலில் ஓடும்போது கம்பி ஏறக்குறைய நேராகத் தொங்குகிறது, திரும்பி மேற்கே அதே 2.5 மைலில் ஓடும்போது பின்னால் நன்றாகச் சாய்ந்து, மெல்லிய அதிர்வோடு ரீங்கரிக்கிறது என்றால், அடிநீர் கிழக்கே ஓடுகிறது என்று பொருள். முதல் திசையில் உங்கள் ஸ்பூன் தூங்குகிறது. இரண்டாம் திசையில் பைத்தியம் பிடித்துச் சுழல்கிறது. எந்தச் சாய்வில் முதல் மீன் கொத்தியதோ, அந்தச் சாய்வை அடுத்த திசையிலும் வருவிக்கும்படி எஞ்சினைக் கூட்டியோ குறைத்தோ ஓட்டுங்கள்; ஜிபிஎஸ் எண் 1.9 ஆனாலும் 3.0 ஆனாலும் பொருட்படுத்த வேண்டாம். கம்பி சாயும்போது, இறக்கிய கம்பியின் நீளத்தை அளக்கும் எண்ணி காட்டும் ஆழத்தைவிடக் குண்டு மேலே நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். படகு வளையும்போது உட்புறத் தூண்டில் வேகம் குறைந்து தாழ்கிறது, வெளிப்புறத் தூண்டில் வேகம் கூடி எழுகிறது. கொத்து உட்புறத்தில் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்புறத்தில் விழுந்தால் கூட்டுங்கள். இதைவிட மலிவான ஆய்வுக் கருவி இந்த ஏரியில் இல்லை.

பதில் 2: ஒளிரும் ஸ்பூன்

மேலே உள்ள பதிலோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் விளிம்பைத் தேடி அத்தனை தூரம் தெற்கே ஓடச் சிறிய படகுக்காரர்களை ஊக்குவிப்பதற்கு முன் காற்று முன்னறிவிப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். 18 அடிப் படகுக்கு ஒன்ராறியோ ஏரியின் ஒரு மீட்டர் அலையே போதும். திரும்பி வரும் வழி முழுவதும் அலையை எதிர்த்து வரவேண்டியிருக்கலாம். குளிர்ந்த நீர் மேலேறிய நாளில் தவறி விழுந்தால், ஆகஸ்ட் மாதமே ஆனாலும் உடல் விரைவில் விறைத்துவிடும். உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடக்காமல் உடலில் இருக்க வேண்டும்.

போலி இரையைப் பொறுத்தவரை, ஒளிரும் பச்சை விடியலுக்கு முன்பும் மேகமூட்டத்திலும் நன்றாக வேலை செய்கிறது; வெயில் ஏறியபின் அதைக் கழற்றிவிட்டு வெள்ளி அல்லது நீலம் போடுங்கள். சிவப்பு நிறம் ஆழத்தில் முதலில் மறைந்துவிடும் என்பதால், 80 அடியில் சிவப்பு ஸ்பூனுக்காகப் பணம் செலவழிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 8 அங்குல ஃப்ளாஷருக்குப் பின்னால் ஃப்ளையை ஏறத்தாழ 20 அங்குலத்தில் கட்டிப் பாருங்கள். இன்னும் நீளமாகக் கட்டினால் ஃப்ளாஷரின் சுழற்சி ஃப்ளைக்குப் போய்ச் சேராமல் அது நேராக இழுபடும்.

மீன் பின்தொடர்ந்தும் கொத்தாமல் இருந்தால், குண்டைச் சட்டென்று பத்து அடி உயர்த்துங்கள். தப்பியோடும் இரையைச் சினூக் விடாது. கொத்தியபின் படகை நிறுத்தாதீர்கள். தூண்டில் நரம்பு தொய்ந்தால் கொக்கி கழன்றுவிடும். முதல் ஓட்டத்தில் அது நூறு கெஜம் எடுத்தாலும் எடுக்கட்டும், ரீலின் பிடியை இறுக்க வேண்டாம்.

பதில் 3: ஆழ்நீர் அக்கா

உங்கள் திரையில் 110 அடித் தரையை ஒட்டித் தெரிந்தவை, என் கணிப்பில், சினூக் அல்ல, லேக் ட்ரௌட் என்னும் ஆழ்நீர் மீன். சினூக் பெரும்பாலும் நடுநீரில் அலையும். தரையோடு ஒட்டி, அசையாத தடித்த கோடுகளாகத் தெரிபவை பொதுவாக லேக் ட்ரௌட்தான். அவற்றுக்கு 7 முதல் 10 பாகை வரையுள்ள நீர் பிடிக்கும், அதைவிடக் குளிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் 2.5 மைல் வேகத்தில் எழுந்து துரத்த அவற்றுக்கு மனம் வராது. சால்மன் இல்லாத நாளில் கைவிரித்துத் திரும்புவதற்குப் பதிலாக, வேகத்தை 1.5 முதல் 1.8 வரை குறைத்து, வரிசையாகத் தகடுகள் கோத்த கவ்பெல்லுக்குப் பின்னால் ஸ்பின்-என்-குளோ என்னும் சுழலும் சிறு மிதவை இரை ஒன்றைக் கட்டி, குண்டு தரையை அவ்வப்போது தட்டிக் கலங்கல் எழுப்பும்படி ஓட்டிப் பாருங்கள். தரையில் வாழும் கோபி மீன் எழுப்பும் தூசு என்று எண்ணி ட்ரௌட் வரும். குண்டு தட்டும்போது தடியின் நுனி மெல்லத் தலையசைக்கும். மீன் கொத்தினால் அந்தத் தலையசைப்பு ஒழுங்கு தவறும். அதைப் பிரித்தறியச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

சால்மன்காரர்கள் இந்த மீனைக் கொழுப்பு மீன் என்று ஏளனம் செய்வது எனக்கு உடன்பாடில்லை. இந்த ஏரிக்கு உரிய மீன் இதுதான். சினூக் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட விருந்தாளி. மிதமிஞ்சிய மீன்பிடியாலும் மீன்களின் குருதியை உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயின் தாக்குதலாலும் லேக் ட்ரௌட் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து அற்றுப்போனது. அலைவைஃபைத் தின்னும் பெருமீன் இல்லாததால் அது பெருகி, பெரிய ஏரிகளின் கரைகளில் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கியது. 1966இல் மிச்சிகன் மாநிலம் மிச்சிகன் ஏரிக்குக் கோஹோ சால்மனைக் கொண்டுவந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் நமது ஏரியிலும் பசிபிக் சால்மன் விடப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். இன்று நாம் பிடிக்கும் சினூக்கில் கணிசமான பகுதி ஆறுகளிலேயே இயல்பாகப் பிறந்தது. லேக் ட்ரௌட்டோ இன்னும் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விடப்படுவதையே நம்பியிருக்கிறது. அலைவைஃப்பில் தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழிக்கும் நொதி இருப்பதால், அதை அதிகம் தின்னும் தாய்மீனின் குஞ்சுகள் பிழைப்பதில்லை என்பது அதற்குரிய காரணங்களில் ஒன்று. நீங்கள் பிடிக்கும் ட்ரௌட்டின் ஒரு துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணை மீன். எல்லாத் துடுப்புகளும் முழுமையாக இருந்தால், என் வேண்டுகோள், அதை விட்டுவிடுங்கள்.

விடுவதென்றால் விரைந்து விடுங்கள். லேக் ட்ரௌட் தன் காற்றுப்பையிலுள்ள காற்றை வாய்வழியே வெளியேற்றவல்லது. மேலே வரும்போது குமிழிகள் எழுவதைக் காணலாம். எனவே ஆழத்திலிருந்து தூக்கியதால் அது சாவது குறைவு. வெதுவெதுப்பான மேல்நீரில் படத்துக்காக நெடுநேரம் பிடித்து வைப்பதுதான் அதைக் கொல்கிறது.

கேள்வி தொடர்ச்சி: ஸ்காபரோ தூண்டில்காரன்

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. டவுன்ரிக்கர் கம்பியின் சாய்வை இதுவரை நாங்கள் கவனித்ததே இல்லை. இரண்டு சந்தேகங்கள் மிச்சம் உள்ளன. வானொலியில் கேட்பது பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்தது, பெரிய லேக் ட்ரௌட்டைக் குழம்பு வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில் 4: வடகரை வலைஞர்

தாராளமாகக் கேட்கலாம். விஎச்எஃப் என்னும் படகு வானொலியில் 16ஆம் அலைவரிசை அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. அங்கே கதை பேசக்கூடாது. நமது பக்கத்து சால்மன்காரர்கள் பலர் 68இல் இருப்பார்கள். வானொலியைப் பயன்படுத்தக் கனடாவில் இயக்குநர் சான்றிதழ் வேண்டும். படகோட்டும் அட்டை அதற்கு ஈடாகாது. கேட்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. “எங்கே பிடிக்கிறீர்கள்” என்று கேட்டால் மௌனமே பதிலாக வரும். “நாங்கள் 110 அடித் தரையில், மேல்மட்டம் 11 பாகை, 75 அடியில் ஒன்றும் இல்லை; உங்களுக்கு எந்த ஆழத்தில் அசைகிறது” என்று கேட்டால் ஆழம், வெப்பம், ஸ்பூனின் நிறம் வரை சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு ஒன்றும் படவில்லை என்பதும் அவர்களுக்குப் பயனுள்ள செய்தியே. பிறகு உங்களுக்கு மீன் பட்டால், யாரும் கேட்காமலே அதே அலைவரிசையில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வாங்க மட்டும் செய்பவர்களை இந்தக் கரையில் எல்லோருக்கும் குரலை வைத்தே தெரியும்.

மற்றொன்று: எந்தப் படகுக்கும் பின்னால் ஒட்டிக் குறுக்கே கடக்காதீர்கள். நரம்புக்குப் பதிலாகச் செப்புக் கம்பி போட்டவர்களின் தூண்டில் 300 அடிக்கும் அப்பால் இழுபடும். மீனோடு போராடிக்கொண்டிருக்கும் படகுக்கு வழிவிட்டு விலகிச் செல்வது இங்கே எழுதாச் சட்டம்.

பதில் 5: ஆழ்நீர் அக்கா

சமையலுக்கு வருவோம். ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் உங்கள் ஏரிப்பகுதியையும், மீனின் வகையையும், நீளத்தையும் பார்த்து, மாதத்துக்கு எத்தனை வேளை என்பதை முடிவு செய்யுங்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய அளவு தனியாகத் தரப்பட்டிருக்கும். பிசிபி என்னும் நச்சு கொழுப்பில் தங்குவதால் தோல், வயிற்றுப் பகுதி, முதுகுக் கொழுப்பு ஆகியவற்றை வெட்டி எறிய வேண்டும். கம்பி வலையில் சுட்டால் எஞ்சிய கொழுப்பில் ஒரு பங்கு வடிந்துவிடும். குழம்பு வைத்தால் அது குழம்பிலேயே தங்கும். பாதரசம் சதையில் இருப்பதால் வெட்டியோ சுட்டோ நீங்காது. நம்மவர்களுக்குத் தலைக்கறி என்றால் உயிர் என்பது தெரியும். ஆனாலும் பெரிய ட்ரௌட்டின் தலையை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. குழம்புக்குச் சிறிய மீனாகப் பார்த்து வையுங்கள்.

பதில் 6: வடகரை வலைஞர்

தம்பி, சனிக்கிழமைக்குக் கிழக்குக் காற்று என்று முன்னறிவிப்பு சொல்கிறது. இரண்டு நாள் அப்படியே வீசினால் இம்முறை வெதுவெதுப்பான நீர் நம் கரையில் குவிந்து, நமக்கு வேண்டிய குளிர்ந்த அடுக்கு கீழே போய்விடும். குண்டை 90 அடியிலிருந்து தொடங்குங்கள். 12 இறாத்தல் அந்த ஆழத்தில் அதிகம் சாய்ந்தால் 15 இறாத்தல் குண்டு ஒரு சோடி என்னிடம் கூடுதலாக இருக்கிறது, இறங்குதுறையில் வாங்கிக்கொள்ளலாம். காலை ஐந்து மணிக்கு அங்கே இருப்பேன், பிறகு 68இல்.