நொங்கோமாவில் அரச குடும்பத்துக் கல்யாணம்: போகலாமா, வேண்டாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என்னோடு வேலை செய்பவர் இங்குள்ள ஜூலு இனத்து அரச குடும்பத்தின் உறவினர். அவருடைய தம்பி மகனுக்கு, அரச குடும்பத்தின் ஊரான நொங்கோமாவில் கல்யாணம், குடும்பத்தோடு வரச் சொல்கிறார். அங்கே அவரைத் தவிர யாரையும் தெரியாது. முறைகளும் தெரியாது, நாங்கள் சைவம் வேறு. நாசூக்காக மறுத்துவிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

பதில்: தம்பி, போய் வாருங்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அரச குடும்பம் என்றதும் மிரள வேண்டாம். அது மிகப் பெரிய குடும்பம். மறைந்த மன்னர் ஸ்வெலிதினிக்கே ஆறு மனைவியர், கிளைகள் அப்படிப் பரந்தவை. இப்போதைய மன்னர் மிசுசுலுவின் சொந்தக் கல்யாணம் என்றால் கெடுபிடி இருக்கும். இது உங்கள் நண்பர் வீட்டு விசேஷம், அவரே வாய் திறந்து கூப்பிட்டிருக்கிறார்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்த டிரூரோ கப்பல் டர்பனில் நம்மவர்களை இறக்கியது. அன்றிலிருந்து ஜூலு மக்களின் பக்கத்தில்தான் வாழ்கிறோம். 1949 ஜனவரியில் இங்கே அவர்களுக்கும் நமக்கும் இடையே பெரிய கலவரம். 2021 ஜூலைக் கலவரத்தில், நம்மவர்கள் நிறைய வாழும் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸில் உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் அதை மறக்கவில்லை. ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பலர் ஒரு ஜூலு வீட்டு வாசற்படி மிதித்ததில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். வந்த சில மாதத்தில் உங்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள்.

காலையில் போய் ராத்திரியே திரும்பும் திட்டம் இருந்தால் மட்டும் வேண்டாம். டர்பனிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. மட்டுபட்டுபா ஊர் வரை என்2 நெடுஞ்சாலை நல்ல சாலை. அப்புறம் ஹ்லாபிசா வழியாகப் போகும் ஆர்618இல் மாடுகள் ரோட்டிலேயே நிற்கும், இருட்டில் கிட்டே போகும்வரை தெரியாது. முதல் நாளே பகலில் போய்த் தங்குங்கள், கல்யாணத்துக்கு மறுநாள் கிளம்புங்கள்.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது உமாபோ. மணப்பெண் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயும் போர்வையும் கொடுக்கும் சடங்கு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், இறந்துபோன முன்னோர் பெயரும் வரும். பெரியவர் ஒருவர் வந்து அந்தப் பாயில் படுப்பார், மணப்பெண் போர்வையை மேலே போர்த்திவிடுவாள், உடனே பெண்கள் குலவை போடுவார்கள். நம் ஊர்க் குலவை மாதிரியே இருக்கும், உங்கள் மனைவிக்குச் சிலிர்த்துவிடும். அப்புறம் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே நின்று போட்டி போட்டு ஆடுவார்கள். மணப்பெண் கையில் நுனி மேல்நோக்கிய ஒரு கத்தி இருக்கும். அது அவள் கன்னிமைக்கு அடையாளம், பயப்பட வேண்டாம்.

மாடு அறுப்பார்கள். முன்னோருக்கு அறிவித்துச் செய்கிற சடங்கு அது, அந்த இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது. மணிக்கட்டில் ஊதிய பித்தப்பையைக் கட்டியிருப்பவர்களைப் பார்ப்பீர்கள், அதுவும் முன்னோரை நினைத்துத்தான். நீங்கள் சாப்பிட மக்காச்சோள மாவில் உதிரியாகக் கிண்டும் ‘பூத்து’, முட்டைக்கோஸ், ஆவியில் வெந்த உஜெகே ரொட்டி இருக்கும். பீன்ஸில் எலும்பு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றி அக்கா, போவதென்று முடிவு செய்துவிட்டோம். என்ன உடுத்துவது? மொய் எப்படி?

பதில்: ரொம்ப சந்தோஷம். உங்கள் மனைவி புடவையே கட்டட்டும், தோளை மூடி, தலைக்கு ஒரு துணியும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த மாதிரி வீடுகளில் பெண்களுக்குப் பேண்ட் சரிப்படாது. நீங்கள் முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இருவருமே சிறுத்தைப் புள்ளி போட்ட துணியைத் தவிர்த்துவிடுங்கள், சிறுத்தைத்தோல் அரச குடும்பத்தின் அடையாளம்.

நம் ஊர் மாதிரி மொய் நோட்டு கிடையாது. உங்களுக்கு முடிந்ததைக் கவரில் போட்டு நண்பர் கையில் கொடுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால்தான். அரச குடும்பத்துப் பெரியவர்களை ‘ந்தபெசிதா’ என்று அழைப்பது மரியாதை. மன்னரே வந்து, அவரை வணங்கும் ‘பயேதே!’ முழக்கத்தைக் கூட்டம் எழுப்பினால், பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

இன்றைக்கே நண்பருக்குப் போன் போட்டு எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும், சைவம் என்பதையும் சொல்லிவிடுங்கள். தங்க இடமும் அவரையே கேளுங்கள்.