சத்து மாத்திரை போட்டா மனச்சோர்வு குறையுமா? கவுண்டரிலும் லேபிலும் வார்டிலும் பார்த்தவை

மெடிக்கல் கவுண்டர்

"நரம்பு மாத்திரை ஒரு அட்டை குடுங்க." மனசு சரியில்லாம வர்றவங்க வாயில டிப்ரஷன்ங்கிற வார்த்தை வராது. "அசதியா இருக்கு, எதுலயும் பிடிப்பில்ல, விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது", அப்புறம் இந்த நரம்பு மாத்திரை. அதனால அட்டையைத் திருப்பிப் படிக்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஊர்ல நரம்பு மாத்திரைன்னு சொல்றது மெத்தில்கோபாலமின், அதாவது பி12. வழக்கமா 1500 மைக்ரோகிராம். கூட ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் 100 மி.கி., ஃபோலிக் ஆசிட் 1.5 மி.கி., கொஞ்சம் பி6. இது வரைக்கும் சரி. அதே நிறத்துல, கிட்டத்தட்ட அதே பேர்ல, கடைசியில ஓரிரு எழுத்து மட்டும் கூடுதலா இன்னொரு அட்டை இருக்கும். அதுல பிரீகாபலின் 75 மி.கி. சேர்ந்திருக்கும், சிலதுல நார்ட்ரிப்டிலின் 10 மி.கி.யும். முதலாவது நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் குடுக்குற மருந்து. இரண்டாவது மனச்சோர்வு மருந்தேதான். "பி12 போட்டேன், நல்லாத் தூக்கம் வருது"ன்னு யாராவது சொன்னா அந்த அட்டையை வாங்கிப் பாருங்க. பி12க்குத் தூக்கம் வர வைக்கிற வேலை கிடையாது.

மாசக்கணக்கா அந்த நார்ட்ரிப்டிலின் சேர்ந்த அட்டையைப் போட்டுட்டு "சத்து மாத்திரைதானே"ன்னு ஒரே நாள்ல நிறுத்தினா வேர்வை, பதற்றம், தூக்கமே இல்லாத ராத்திரி. டாக்டர் ஏற்கெனவே எஸ்சிட்டலோபிராம் மாதிரி ஏதாவது எழுதியிருந்தா, இது தெரியாத இரண்டாவது மனச்சோர்வு மருந்தா உள்ள போகுது. வயசானவங்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், மூத்திரம் அடைக்கிறதுன்னு கிளம்பும். ஃபோன் கேமராவுல அட்டையோட பின்பக்கத்தைப் பெருசாக்கிப் பாருங்க. ஆர்எக்ஸ் குறி இருந்தா அது மருந்து. சத்துப்பொருளா விக்கிறதுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ங்கிற பொருள்ல ஒரு வரியும் இருக்கும்.

லேப் டெக்னீஷியன்

அண்ணன் சொன்ன மாத்திரைக்கு முன்னாடியே ஒரு படி இருக்கு. ரத்தம் குடுக்காம மாத்திரையோ ஊசியோ ஆரம்பிக்காதீங்க. சிவப்பா இருக்குற பி12 ஊசி நாலு போட்டுட்டு பி12 டெஸ்டுக்கு வர்றாங்க. ரிப்போர்ட் 2000ஐத் தாண்டி நிக்கும். ஊசிக்கு முன்னாடி குறைபாடு இருந்துச்சா இல்லையான்னு அதுல இருந்து யாராலயும் சொல்ல முடியாது.

சோர்வு, மனச்சோர்வுன்னு வர்றவங்களுக்கு டாக்டர்கள் பொதுவா எழுதறது: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), பி12, 25 ஹைட்ராக்சி விட்டமின் டி, சர்க்கரை. பி12 200 பிகோகிராமுக்குக் கீழ இருந்தா குறைவு; 200லேர்ந்து 300 வரைக்கும் இரண்டுங்கெட்டான், அங்க ஹோமோசிஸ்டீன்னு இன்னொரு ரத்த டெஸ்ட் பாத்தா தெளிவாகும். சைவம் சாப்பிடுறவங்க, வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) போடுறவங்க, தினமும் வெறும் வயித்துல கேஸ் மாத்திரை (பான்டோபிரசோல், ஒமிபிரசோல்) முழுங்குறவங்க, இந்த மூணு கூட்டத்துலயும் பி12 குறையுறது சகஜம். நாக்கு வழவழன்னு ஆகுறது, பாதம் மரத்துப் போறது, மறதி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் கூடவே வரும்.

ரிப்போர்ட்டைத் தப்பாப் படிக்க வைக்கிற இரண்டு சங்கதி:

இரும்பும் பி12ம் சேர்ந்து குறைஞ்சா ஒண்ணு சிவப்பணுவைச் சின்னதாக்கும், இன்னொண்ணு பெருசாக்கும். சராசரி அளவான எம்சிவி நார்மலா வந்து நிக்கும். அந்த நேரத்துல ஆர்டிடபிள்யூ, அதாவது சிவப்பணுக்களோட அளவு வித்தியாசம், ஏறியிருக்கான்னு பாக்கணும்.

அடுத்தது முடி மாத்திரை. பயோட்டின் 10 மி.கி. போட்டுட்டு வந்தா பல மெஷின்கள்ல டிஎஸ்ஹெச் உள்ளதைவிடக் குறைவாக் காட்டும். நிஜமாவே தைராய்டு சுரப்பு குறைஞ்சு, அதனாலேயே மனசு மந்தமா இருக்குறவங்களுக்கு ரிப்போர்ட் "நார்மல்"னு போயிடும். குறைஞ்சது இரண்டு, மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு வாங்க. ரத்தம் எடுக்குறவங்க கேக்க மாட்டாங்க, நீங்களே சொல்லணும்.

விட்டமின் டிக்கு 1,25ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, விலையும் கூட. அதைக் கேட்டு வாங்காதீங்க. குறைபாடு இருக்கும்போதே அது நார்மலா இருக்கும். 25 ஹைட்ராக்சிதான் வேணும்.

உணவியல் நிபுணர்

மீன் எண்ணெய் பற்றி எழுதுகிறேன். மனச்சோர்வுக்கான சத்துப்பொருட்களில் ஓரளவு சான்று உள்ளது இதற்குத்தான். அதிகம் தப்பாகச் சாப்பிடுவதும் இதைத்தான்.

டப்பாவின் முகப்பில் "1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பினால் சாதாரண வகையில் இபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. என்றிருக்கும். இவை இரண்டும்தான் ஒமேகா 3 கொழுப்புகள். மனச்சோர்வு ஆய்வுகளில் பலன் தெரிந்தது இபிஏ மிகுந்த கலவையில். இரண்டின் கூட்டுத்தொகையில் இபிஏ 60 சதவீதமாவது இருக்க வேண்டும். நாளொன்றுக்கு இபிஏ மட்டும் 1 முதல் 2 கிராம். 2019இல் வெளிவந்த ஊட்டச்சத்து மனநல மருத்துவ வழிகாட்டுதலும் இந்த அளவைத்தான் சொல்கிறது, அதுவும் மனச்சோர்வு மருந்தோடு துணையாக. இப்போது கணக்குப் போடுங்கள். 180 மி.கி. குளிகையில் 1 கிராம் இபிஏ வர ஐந்தாறு குளிகை விழுங்க வேண்டும். தினம் ஒன்று போட்டுவிட்டு "மூன்று மாதம் ஆச்சு, ஒன்றும் தெரியவில்லை" என்பவர்கள் சாப்பிட்டது தேவையில் ஆறில் ஒரு பங்கு. இபிஏ 500 மி.கி.க்கு மேல் உள்ள செறிவான வகை விலை கூடுதல்தான், ஆனால் ஒரு கிராம் இபிஏக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் பல நேரம் வித்தியாசம் அவ்வளவு இருக்காது.

இன்னொரு பெரிய குழப்பம் காட் லிவர் ஆயில். சின்ன மஞ்சள் முத்து போல இருக்கும் குளிகை, குழந்தைகளுக்கும் கொடுப்பார்களே, அது. அது ஈரல் எண்ணெய். அதில் விட்டமின் ஏவும் டியும் இருக்கும், இபிஏ கொஞ்சம்தான். ஒமேகா கணக்குக்காக அதைப் பத்துப் பதினைந்தாக விழுங்கினால் விட்டமின் ஏ ஈரலில் சேரும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

வெறும் வயிற்றில் போட்டால் மீன் ஏப்பம். மதியச் சாப்பாட்டின் நடுவில் போடுங்கள், கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். டப்பாவைத் திறந்ததும் ஒரு குளிகையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் போலக் காறினால் எண்ணெய் கெட்டுவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகளே ரத்தப்போக்கு வாய்ப்பைச் சற்றுக் கூட்டுபவை.

ஆளி விதை போதாதா என்று சைவர்கள் கேட்கிறார்கள். அதில் இருப்பது ஏஎல்ஏ என்ற வேறு வகை ஒமேகா 3. உடம்பு அதை இபிஏயாக மாற்றுவது மிகக் கொஞ்சம். பாசி எண்ணெய்க் குளிகை உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் டிஹெச்ஏதான் மிகுதி. இபிஏ எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தியும் கானாங்கெளுத்தியும் குழம்பாக வைத்து வாரம் இரண்டு மூன்று நாள் சாப்பிடுங்கள். குளிகைக்கு ஈடாகாவிட்டாலும் தட்டில் புரதமும் சேர்கிறது.

"ஸ்ட்ரெஸ்" என்று பெயர் போட்டு வரும் பி காம்ப்ளக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. அந்த டப்பாக்கள் அந்தக் குழப்பத்தில் நன்றாக விற்கின்றன. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது பி2 வெளியேறுவதால். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், "வேலை செய்கிறது" என்று மகிழவும் வேண்டாம்.

மெடிக்கல் கவுண்டர்

விட்டமின் டி 60,000 ஐ.யு. நாலு குளிகை கொண்ட அட்டை. வாரம் ஒண்ணு, நாலு வாரத்துக்கு. இதை "காலை ஒண்ணு"ன்னு நாலே நாள்ல முடிச்சுட்டு, "அண்ணே, அட்டை தீந்துடுச்சு"ன்னு திரும்ப வர்றவங்க இருக்காங்க. குறைவுள்ளவங்களுக்கு வழக்கமா வாரம் ஒண்ணா 8 வாரம், அதாவது இரண்டு அட்டை, பிறகு டாக்டர் சொன்ன இடைவெளியில. மாசக்கணக்குல தினமும் போனா ரத்தத்துல கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி மூத்திரம், மலச்சிக்கல், வாந்தி, மந்தம், குழப்பம். இதுல பாதி மனச்சோர்வு மாதிரியே இருக்கும், அதனால இன்னும் ஒரு அட்டை வாங்குவாங்க! 6 லட்சம் ஐ.யு. ஊசி போட்டவங்க கூடவே வாரக் குளிகையும் ஆரம்பிக்கிறது இன்னொரு தப்பு. ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாளைக் குறிச்சு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, காலண்டர்ல டிக் அடிங்க.

குறைவில்லாதவங்களுக்கு இதனால மனசுக்குப் பலன் உண்டான்னு அமெரிக்காவுல 50 வயசு தாண்டின 18,353 பேருக்கு தினம் 2000 ஐ.யு. குடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்தாங்க. 2020ல முடிவு வந்துச்சு. வெத்து மாத்திரை போட்டவங்களுக்கும் இவங்களுக்கும் மனச்சோர்வு வர்றதுல வித்தியாசமே இல்ல.

துத்தநாகம், அதாவது ஜிங்க். லேபிள்ல ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி.ன்னு இருந்தா உள்ள ஜிங்க் 22.5 மி.கி.தான். உப்போட எடையையும் சத்தோட எடையையும் குழப்பாதீங்க. 50 மி.கி. ஜிங்க்கை மாசக்கணக்குல போட்டா தாமிரம் குறைஞ்சு, புதுசா ரத்தசோகையும் கால் மரப்பும் வரும்.

மனநல வார்டு செவிலியர்

இங்கே கடையில் வாங்கியதையும் டாக்டர் கொடுத்ததையும் சேர்த்துப் போட்டு வந்து சேருபவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆன்லைனில் வாங்கும் மூன்று பொருளை எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்க்கவே கூடாது: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, 5 ஹெச்டிபி, எஸ்ஏஎம்இ என்ற சத்துக் குளிகைகள். டாக்டர் கணக்குப் போட்டுச் சேர்ப்பது வேறு. நாமாகச் சேர்த்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறலாம். கை நடுக்கம், வேர்வை, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை, காய்ச்சல், தசை இறுக்கம். பாதத்தை மேலே தள்ளினால் தானாகத் துடிக்கும். டிரமடால் வலி மாத்திரையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமல் மருந்தும் இதே வேலையைச் செய்யும். இந்த அறிகுறிகள் தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு இன்னொரு குணம். ஈரலின் நொதியைத் தூண்டி மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், எச்ஐவி மருந்து, உறுப்பு மாற்றம் செய்தவர்களின் சைக்ளோஸ்போரின் எல்லாம் பலமிழக்கும். ஹோமியோபதிக் கடையில் ஹைப்பெரிக்கம் 200 என்று தருவது இதே செடியின் பெயரில் வரும் நீர்த்த வடிவம். இரண்டையும் ஒன்றாக எண்ணி இணையத்தில் பேசுகிறார்கள்.

எஸ்ஏஎம்இ இருதுருவக் கோளாறு உள்ளவர்களை மேனியாவுக்குத் தள்ளலாம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் அதீத உற்சாகமாக, காசை வாரி இறைத்து இருந்ததுண்டா என்று வீட்டாரைக் கேளுங்கள். நோயாளிக்கு அது நோயாகவே நினைவிருக்காது.

நிறுத்துவதில் நடக்கும் தப்பு: டாக்டர் கொடுத்த பாராக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தில் மூன்றாவது வாரம் மனம் தெளிகிறது. அந்த வாரம்தான் மீன் எண்ணெயும் ஆரம்பித்திருப்பார்கள். பெயர் மீன் எண்ணெய்க்கு, நிறுத்துவது பாராக்சிடினை. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடிப்பது போல ஒரு வெட்டு. "நோய் திரும்பிடுச்சு" என்று வருவார்கள். வெட்டென நிறுத்தியதன் விளைவு அது. வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்திலும் இப்படித்தான்.

குடிப்பழக்கம் உள்ளவர் சோர்ந்து கிடந்தால் "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, தெம்பு வரும்" என்பார்கள். தயமின், அதாவது பி1, கொடுக்காமல் குளுக்கோஸ் ஏறினால் குழப்பம், கண்ணை அசைக்க முடியாமை, தள்ளாட்டம் வரலாம். சிலருக்கு நினைவே நிரந்தரமாகப் போகும். ட்ரிப் போடுபவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

சித்த மருந்தகப் பணியாளர்

அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் பற்றி யாரும் எழுதவில்லையே. பாலில் கலந்து குடிப்பவர்கள் கவனிக்க: சூரணத்தில் சர்க்கரை சேர்ந்திருக்கும், நீரிழிவு இருந்தால் சொல்லி வாங்குங்கள். ஆன்லைன் "அஸ்வகந்தா எக்ஸ்ட்ராக்ட்" குளிகை வேறு, செறிவு அதிகம். சூரண அளவை அதற்குப் பொருத்தக் கூடாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விலக்க வேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்துங்கள்.

லேப் டெக்னீஷியன்

அந்த டீ நிறத்துக்கு எல்எஃப்டி, அதாவது ஈரல் டெஸ்ட், பாக்கணும். மஞ்சள் பி காம்ப்ளக்ஸ் மூத்திரம்னு தள்ளிப் போட்டுட்டு வர்றாங்க.

உணவியல் நிபுணர்

ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் வகைச் சத்து) விட்டுப்போயிற்று. மருந்துக்கு மசியாத மனச்சோர்வில் துணையாக எல்-மெத்தில்ஃபோலேட் 15 மி.கி. பலன் தந்தது, அதே ஆய்வுத் தொடரில் 7.5 மி.கி. தரவில்லை. இங்கே கூட்டு மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் 1 மி.கி. பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. மட்டும் போட்டால் ரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

மனநல வார்டு செவிலியர்

பலன் உண்டா என்று அளக்க ஒரு வழி: பிஹெச்க்யூ 9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், எட்டு வாரம் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அங்கே 0 அல்லாமல் எது வந்தாலும் எட்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே டாக்டர். கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

மெடிக்கல் கவுண்டர்

எல்லாத்தையும் ஒரே கையில அள்ளிப் போடுறவங்களுக்கு நேர அட்டவணை. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணியில. காபி ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்பு, கால்சியம் இரண்டும் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி, ஒண்ணுக்கொண்ணு இரண்டு மணி நேரம் தள்ளி. இரும்பை எலுமிச்சைத் தண்ணியோட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா உறிஞ்சுறதும் கூடும், வயிறும் தாங்கும். மலம் கறுப்பாப் போறது இரும்பாலதான். மீன் எண்ணெயும் டியும் மதியம். ஜிங்க் சாப்பாட்டுக்கு அப்புறம், இல்லன்னா குமட்டும். மக்னீசியம் ராத்திரி, ஆக்சைடு வகையா இருந்தா வயிறு இளகும், கிட்னி பிரச்சினை இருந்தா வேண்டாம். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப சீட்டு மட்டும் போதாது, வீட்டுல இருக்குற அத்தனை அட்டையும் டப்பாவும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, முடி மாத்திரை உட்பட.