குடியுரிமைக்காகக் காத்திருக்கும்போது தந்தையர் விடுப்பு: உங்கள் அனுபவம் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் என் தங்கையும் அவர் கணவரும் நிரந்தரவாசிகள். முதல் குழந்தை அடுத்த மாதம் பிறக்கவிருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தின் முடிவு இன்னும் வரவில்லை.

சிங்கப்பூரில் மகப்பேறு விடுப்புக்கும் தந்தையர் விடுப்புக்கும் பெற்றோரின் குடியுரிமையைவிடப் பிள்ளையின் குடியுரிமையே முக்கியம் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். குழந்தை குடியுரிமை பெற்றிருந்தால் தாய்க்கு 16 வாரங்களும், 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளின் தந்தைக்கு 4 வாரங்களும் சம்பளத்துடன் கிடைக்கின்றன. இல்லாவிட்டால், வேலை நியமனச் சட்டத்தின்கீழ் தாய்க்கு 12 வாரங்கள் மட்டுமே; அதிலும் கடைசி 4 வாரங்களுக்குச் சம்பளம் தருவது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தந்தைக்குச் சட்டப்படி எதுவும் இல்லை.

குழந்தை பிறந்து 12 மாதங்களுக்குள் குடியுரிமை பெற்றால் அதன்பின் இவ்விடுப்பைக் கோரலாம் என்கிறார்கள். ஆனால் துணை தேவைப்படுவது முதல் சில வாரங்களில்தானே! மைத்துனரின் நிறுவனத்தில் இப்படியொரு கோரிக்கையை யாரும் இதுவரை கையாண்டதில்லையாம்.

ஆகவே, குழந்தை பிறந்த பிறகு குடியுரிமை பெற்று இந்த விடுப்பை எடுத்தவர்கள், நிறுவனம் எந்தெந்த ஆவணங்களைக் கேட்டது, விடுப்பைப் பிரித்து எடுக்க ஒப்புக்கொண்டதா என்று சொல்ல முடியுமா? குழந்தைப் பராமரிப்பு நிலையங்களின் அடிப்படை மானியமும் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கே என்பதால், ஊரிலிருந்து அம்மாவை அழைக்க எண்ணுகிறோம். அவ்வாறு வந்தவர்கள் எவ்வளவு காலம் தங்க முடிந்தது என்பதையும் எழுதுங்கள்.