பெரியப்பாவின் எலெக்ட்ரோ 35-ஐ அறுக்கப் போகிறேன், தடுப்பதென்றால் இப்போதே தடுக்கவும்

கீதா_நங்கநல்லூர்:

வணக்கம். பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். 1976-ல் சிங்கப்பூரில் வாங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ஃபிலிம் கேமரா இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இருபது வருஷமாகப் பரணில் கிடந்தது. லென்ஸ் பரவாயில்லை, ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி பூஞ்சை. பேட்டரிக் குழி முழுக்கப் பச்சைக் களிம்பு. 5.6 வோல்ட் பேட்டரி என்று கடையில் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்துப் பார்த்தேன், மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு "ஷோகேஸ்ல வைங்கம்மா, அழகா இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தபோது ஒழுங்காக இருந்த ரீவைண்ட் கைப்பிடி இப்போது ஆடுகிறது.

அதனால் நானும் தம்பியும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக முடிவு. அவன் திட்டம்: அடிப்பக்கத்தை கிரைண்டரில் அறுத்து, நான்கு ஏஏஏ பேட்டரி போடும் பெட்டியை வெளியே ஒட்டி, ஒயரை சால்டர் செய்வது. என் திட்டம்: ஃபிலிம் விற்கிற விலைக்கு உள்ளே கறுப்பு அட்டை ஒட்டி பாதி ஃபிரேம் கேமராவாக (ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படம்) மாற்றிவிட்டால் 36 படச் சுருளில் 72 படம். இதுபோக, வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பம் ஒன்று சேர்ந்தால்தான் ஃபோகஸ் சரி, ஆனால் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் அவை சேரவே மாட்டேன் என்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய மஞ்சள் கட்டமும் மங்கல். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அம்பத்தூர்_லேத்:

தம்பி கையிலிருந்து கிரைண்டரைப் பிடுங்குங்கள் முதலில். இரும்பு அறுத்தே வயிற்றைக் கழுவுகிறவன் சொல்கிறேன். அந்தத் தூள் பறந்து போய் ஷட்டர் இதழ்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் அப்புறம் ஷோகேஸ்தான்.

அந்தக் கேமராவுக்கு வந்தது மெர்குரி பேட்டரி, இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் 4எல்ஆர்44 என்று 6 வோல்ட் ஆல்கலைன் ஒன்று இருக்கிறது, ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வாட்ச் கடையில் நான்கு எல்ஆர்44 பொத்தான் வாங்கி அடுக்கி டேப் சுற்றினால் அதேதான். 25 மி.மீ. நீளம், 13 மி.மீ. விட்டம். பழசு இதைவிட நீளம், கொஞ்சம் பருமன். பருமனுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டிக் குழாய் செய்யுங்கள், நீளத்துக்குப் பழைய டார்ச் லைட் ஸ்பிரிங். பிளஸ் மைனஸ் குறியைப் பார்த்துப் போடவும். 0.4 வோல்ட் கூடுதலாயிற்றே என்று பயப்பட வேண்டாம், நான் மூன்று வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், நெகட்டிவில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பச்சைக்கு வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு, பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு. கசிந்தது காரம், அதனால் புளிப்பு அதை முறிக்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள், ரிச்சி தெருவில் கிடைக்கும். அதன் பிறகும் பேட்டரியைச் சோதிக்கும் விளக்கு எரியாவிட்டால் அந்தக் களிம்பு ஒயருக்குள்ளேயே ஏறியிருக்கும். அந்த ஒயரை மட்டும் மாற்றுங்கள், சால்டரிங் ஆசை அதோடு தீரட்டும்.

இருட்டறை_பாய்:

லேத் தம்பி சொன்னதை அப்படியே செய்யும்மா கீதா. ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம். ஃபிலிம் இல்லாமல், ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துக் காதில் வைத்துக் கேள். "டொக்" என்று உள்ளே ஒரு சத்தம் வர வேண்டும். வந்தால் உனக்கு அதிர்ஷ்டம். வராவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு மக்கிப் பொடியாகியிருக்கும். எலெக்ட்ரோக்களைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்தத் துண்டுதான். அது போனால் ஷட்டர் வேகம் தாறுமாறாகும், நீ பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். அதை மாற்ற ஆழமாகப் போக வேண்டும், முதல் முயற்சியிலேயே அதில் இறங்காதே.

பேட்டரி போட்ட பிறகு லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து எஃப் 1.7-ல் வைத்து வெளிச்சமான வானத்தைப் பார்த்து பட்டனைப் பாதி அழுத்து, வெளிச்சம் அதிகம் என்று சிவப்பு எரிய வேண்டும். துளையைச் சுருக்கி எஃப் 16-ல் வைத்து இருட்டு மூலையைப் பார், வெளிச்சம் குறைவு என்று மஞ்சள் எரிய வேண்டும். பேட்டரி இல்லாமலும் அது கிளிக் ஆகும், ஆனால் எப்போதும் 1/500 நொடியில்தான். "பேட்டரி வேண்டாம், ஓடுது பாரு" என்று பல பேர் ஏமாற்றி விற்றது இதை வைத்துத்தான்.

இப்போது அந்த இரட்டைப் பிம்பம். மேல் மூடியைக் கழற்ற வேண்டும். ரீவைண்ட் குமிழ் எப்படி வரும் என்று தெரியாமல்தான் அந்தக் கடைக்காரர் ஆட்டிவிட்டிருப்பார். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உருளை உட்காரும் இடத்தில் இருக்கும் முள்கரண்டி மாதிரியானதை மரக்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே குமிழைத் திருப்பினால் வந்துவிடும். லீவருக்கு மேல் இரண்டு ஓட்டை உள்ள மூடி இருந்தால் ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடர் போதும், வழுக்கினால் கீறல் விழும் என்பதால் சுற்றி டேப் ஒட்டிக்கொள். கழற்றுகிற திருகுகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போடு. நாற்பது வருஷமாக என் வீட்டில் ஒரு தட்டு இட்லி பார்த்ததில்லை.

உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது அந்த இரண்டு பிம்பத்தையும் சேர்த்துக் காட்டும் அமைப்பு, தெரியும். பிம்பம் இடவலமாக விலகுவதற்கு ஒரு திருகு, மேல்கீழாக விலகுவதற்கு இன்னொன்று. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பு. லென்ஸை முடிவிலியில் வைத்துக்கொண்டு தொலைவில் கூர்மையாக எதையாவது பார்க்க வேண்டும், நான் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பேன். நங்கநல்லூரில் உனக்குப் பரங்கிமலை இருக்கிறதே.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே சாய்வாக நிற்கிற கண்ணாடி பாதி ஒளியை விடும், பாதியைத் திருப்பும். அந்தப் பூச்சு பஞ்சு பட்டாலே உரிந்து வரும். மங்கலாக இருக்கிறதே என்று துடைத்தாயானால் மஞ்சள் கட்டம் நிரந்தரமாகப் போய்விடும். நான் துடைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஊதுபந்தால் ஊது, வெளிக் கண்ணாடிகளை மட்டும் துடை. அப்புறமும் மங்கல் என்றால் முன்பக்க வியூஃபைண்டர் கண்ணாடியின் நடுவில் சின்னதாகக் கறுப்பு டேப் ஒட்டிப் பார், அந்த இடத்தில் நேர்ப் பிம்பம் மறைந்து மற்றது பளிச்சென்று தெரியும். வேண்டாமென்றால் பிய்த்துவிடலாம்.

ரோல்_எண்_36:

பாதி ஃபிரேமைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. நான் அதே முட்டாள்தனத்தைச் செய்தவன். அட்டை ஒட்டினால் படம் பாதியாகும், சரி. ஆனால் லீவர் ஒவ்வொரு தடவையும் எட்டு ஓட்டை, அதாவது 38 மி.மீ. ஃபிலிமை இழுத்துக்கொண்டுதானே இருக்கும்? 36-க்கு 36 பாதிப் படம்தான் வரும், நடுநடுவே வெற்று ஃபிலிம். நான்கு ஓட்டையோடு நிற்க வேண்டுமென்றால் பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும். எனக்கு லேபில் கழுவிக் கொடுத்தவர் "கேமரா கெட்டுப்போச்சா சார்" என்று கேட்டார்.

அந்தக் காசுக்கு ஒளித்தடுப்பை மாற்றுங்கள். பின்கதவுப் பள்ளத்தில் இருந்த ஸ்பான்ஜ் இந்நேரம் தார் மாதிரி ஆகியிருக்கும். பல்குச்சியும் ஆல்கஹாலும் வைத்துச் சுரண்டி, கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் பதித்தால் போதும், கீல் பக்கம் மட்டும் வெல்வெட் பட்டை. இரண்டும் தையல் சாமான் கடையில் கிடைக்கும். கேமராவின் மேல்தோல் உரிந்திருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் கடைகளில் மெல்லிய ரெக்ஸின் வெட்டுத் துண்டு கேளுங்கள்.

கேனனெட்_காதலன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கேனனெட் கியூஎல்17 கேமரா, அதற்கும் மெர்குரி பேட்டரிதான், 1.35 வோல்ட். அதில் 1.5 வோல்ட் போட்டால் எல்லாப் படமும் இருட்டாக வருகிறது. கூடுதல் வோல்டேஜில் ஓட்டும் லேத்துக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை?

அம்பத்தூர்_லேத்:

உங்களுடையது வேறு. அதில் மீட்டர் முள் வோல்டேஜை நம்பி ஓடுகிறது, வோல்டேஜ் கூடினால் வெளிச்சம் கூடுதல் என்று ஏமாந்துவிடும். எஸ்ஆர்44 சில்வர் பேட்டரி (1.55 வோல்ட்) போட்டு வழியில் ஷாட்கி டையோடு என்ற சின்ன எலெக்ட்ரானிக் பாகம் ஒன்றை வையுங்கள், 0.2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். இல்லாவிட்டால் காதுக் கருவிக்குப் போடும் 675 பேட்டரி, 1.4 வோல்ட், ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்ததிலிருந்து தீர ஆரம்பித்துவிடும்.

கீதா_நங்கநல்லூர்:

எல்லோருக்கும் நன்றி. பாய், "டொக்" வந்தது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஒவ்வொருத்தர் காதிலும் வைத்துக் கேட்கச் சொன்னேன். எலுமிச்சை வேலை செய்தது, ஒயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை, பச்சை விளக்கு எரிகிறது. மேல் மூடி கழற்றியது ஞாயிறு காலை, மூடியது ராத்திரி பத்து மணி. பரங்கிமலை மேலே இருக்கும் சர்ச் இப்போது ஒன்றாகத்தான் தெரிகிறது. கண்ணாடியைத் தொடவே இல்லை, சத்தியமாக. பூஞ்சையை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டேன், சிலிக்கா ஜெல் போட்டு டிஃபன் டப்பாவில் அடைத்திருக்கிறேன். (அம்மா அரிசி டிரம்மில் வைக்கச் சொன்னார்கள்.)

ஒரு திருகு மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்கே போக வேண்டியது என்று தெரியவில்லை.

இருட்டறை_பாய்:

அரிசியில் வைக்காதே, அதில் வருகிற மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். திருகின் நீளம் எவ்வளவு, தலை தட்டையா உருண்டையா? இட்லித் தட்டில் எந்தக் குழி காலியாகாமல் இருந்தது என்று பார்த்துச் சொல்.