பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனியாக கியர் ஆயில் கூலர் தேவையா? (போடிமெட்டு ஏற்றம்)

போடிக்காரன்:
வணக்கம். வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் சாந்தன்பாறை பக்கம். வண்டி 2012 மாடல் டீசல் எஸ்யூவி, டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக், 4 கியர். வாரத்தில் பாதி நாள் போடிமெட்டு ஏறி இறங்குகிறது. ஏறும்போது உரமூட்டை, இறங்கும்போது ஏலத்தில் விற்கப் போகும் ஏலக்காய், அதனால் பாரம் எல்லாம் ஏற்றத்தில்தான். முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் 17 கொண்டை ஊசி வளைவையும் ஊர்ந்தே கடக்க வேண்டும். மேலே போய் நிறுத்திவிட்டு ரிவர்ஸ் போட்டால் கியர் கொஞ்சம் தாமதித்து விழுகிறது, காலையில் அப்படி இல்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கியர் ஆயில் சிவப்பு போய்ப் பழுப்பாக இருக்கிறது, பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று தெரியாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் தனி கூலர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கம்பெனி ஃபிட்டிங்கில் கை வைக்காதே என்கிறார்கள். இங்கே மெக்கானிக்குகள் ஜீப்பிலேயே வளர்ந்தவர்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கொஞ்சம் தயங்குகிறார்கள். வண்டியை விற்கிற எண்ணம் இல்லை. போடலாமா?

கம்பம் மேற்கு:
தாராளமாகப் போடுங்கள் அண்ணே. என் வண்டியும் உங்களுடையது மாதிரிதான், குமுளி ஏற்றம். கூலர் போட்ட பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. கியர்பாக்ஸ் இறக்கி வேலை பார்க்கிற செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய காசே இல்லை.

மலைரோடு:
கூலர் நல்லதுதான், ஆனால் அதை முதலில் போடாதீர்கள். இந்த வண்டிக்கு அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு இருக்கிறது.

சூடு எங்கே வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றது புரிந்துவிடும். டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜின் கியர் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில்தான் கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. தேனி ரோட்டில் சீரான வேகத்தில் போகும்போது கன்வெர்ட்டர் உள்ளே லாக் ஆகி இன்ஜினும் கியர்பாக்ஸும் நேராக இணைந்துவிடும், வழுக்கல் இருக்காது, சூடும் அதிகம் வராது. லாரிக்குப் பின்னால் பாரத்தோடு ஊர்ந்து ஏறும்போது லாக் ஆகாது. இன்ஜின் சுற்றுவதற்கும் சக்கரத்துக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க ஆயிலில் சூடாக இறங்குகிறது, அந்த வேகத்தில் முன்பக்கம் காற்றும் வராது. ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 120 தாண்டி அடிக்கடி போனால் சீல்கள் இறுகத் தொடங்கும். சூட்டில் மட்டும் கியர் தாமதிக்கிறது என்றால் நீர்த்துப்போன ஆயிலில் பிரஷர் குறைகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒரு கூலர் இருக்கிறது, ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே. பழைய வண்டியில் எனக்குப் பயம் அதுதான். உள்ளே அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர் ஆயிலில் கலந்து கிளட்ச் தகடுகளை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும், அப்புறம் வெளியே எவ்வளவு நல்ல கூலர் வைத்தும் பயனில்லை. ஆகவே ரேடியேட்டரை வெளியே எடுத்து பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். உள்ளே துருவும் உப்பும் படிந்திருந்தால் கழுவிக் காலம் தள்ள வேண்டாம், புதியது போட்டுவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேனின் விஸ்கஸ் கிளட்ச், அதாவது சூடேறினால் ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும் பாகம், சூட்டில் பிடிக்கிறதா என்றும் பார்க்கட்டும். பழைய டீசலில் அது சோர்ந்திருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சூடாகும், யாரும் கவனிப்பதில்லை.

போடிக்காரன்:
ரேடியேட்டரை நான் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணே. ஆயில் மாற்றும்போது மெஷின் வைத்து பழைய ஆயில் முழுவதையும் தள்ளி வெளியேற்றும் ஃபுல் ஃபிளஷ் பண்ணலாம் என்கிறார்கள், பண்ணலாமா?

மலைரோடு:
எத்தனை வருட ஆயில் என்று தெரியாத வண்டியில் நான் பண்ண மாட்டேன். கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் ஆயில் பானைக் கழற்றி, ஃபில்டர் மாற்றி, பானுக்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் இயல்பான தேய்மானம். கையில் நெருடுகிற இரும்புத் துண்டு வந்தால் கூலர் பேச்சை விட்டுவிட்டு கியர்பாக்ஸ் ஆளைப் பாருங்கள். பானை இறக்கினால் பாதிக்கும் குறைவாகத்தான் ஆயில் வரும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும், கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். கம்பெனி சொன்ன அதே வகை ஆயில்தான், கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றாலும் கேட்காதீர்கள்.

அப்புறம் அளந்து பாருங்கள். ஸ்கேனரில் கியர் ஆயில் சூடு காட்டினால் அதையே வைத்து உரமூட்டையோடு ஒரு முறை ஏறுங்கள். காட்டாவிட்டால் மேலே போனதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பானில் காட்டினால் ஒரு மதிப்பு கிடைக்கும், உள்ளே அதைவிடக் கூடத்தான் இருக்கும். மெட்டில் 100க்குள் நின்றால் கூலர் தேவையில்லை. 110ஐத் தாண்டினால் யோசிக்காமல் போடுங்கள்.

புனலூர் தமிழன்:
ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை போய் வருகிறவன், ஒன்றைச் சேர்க்கிறேன். கூலர் வருவதற்கு முன்பே பாதிச் சூட்டைக் கையால் குறைக்கலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே ஓவர்டிரைவை (கடைசி மேல் கியர்) அணைத்து லீவரை 2இல் போடுங்கள். டிரைவில் விட்டால் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தடுமாறியே ஆயிலைக் கொதிக்க வைக்கும். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கும் பிழைக்கும்.

போடிக்காரன்:
சரி, இந்த வாரம் ரேடியேட்டரும் ஆயிலும் முடித்துவிட்டு அளந்து பார்க்கிறேன். ஒருவேளை கூலர் போடுவதென்றால் ரேடியேட்டருக்குள் இருப்பதைத் துண்டித்துவிட வேண்டுமா?

மலைரோடு:
வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போகட்டும், அங்கிருந்து புதிய கூலர், பிறகு கியர்பாக்ஸ். ரேடியேட்டர் முற்றிலும் மோசம், புதியதும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் துண்டியுங்கள். கூலர் வாங்கும்போது தகடு அடுக்கு வகையாகப் பாருங்கள், குழாய் வகையைவிட அதே அளவில் நன்றாகக் குளிரவைக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை முழுக்க மறைக்காத அளவு போதும். பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் வழியாகக் குத்தி மாட்டினால் அதிர்விலேயே குழாயைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும், பிராக்கெட் அடிக்கச் சொல்லுங்கள். ஹோஸ் கியர் ஆயிலுக்கென்றே வருவது இருக்கிறது, டீசல் ஹோஸை மாட்ட விடாதீர்கள். மாட்டி முடித்ததும் லெவல் குறையும், வண்டி சூடானதும் ஆயில் ஊற்றிச் சரிபார்த்துவிட்டு மெட்டு ஏறுங்கள்.