1995 கோல்ட் கப் அணியா, இப்போதைய அணியா? மலையக ரசிகர்களின் வாதம்

நோர்வூட் பையன்:
2025 ஜூனில் சைனீஸ் தாய்பேயை (தாய்வான் அணியை) 3-1 என்று வென்றதிலிருந்து, "இலங்கை கண்ட மிகச் சிறந்த உதைபந்தாட்ட அணி இதுதான்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய கோல்ட் கப் இறுதிப் போட்டியை ஏன் மறந்தீர்கள்? எதிரே இந்தியா, அப்போதைய நடப்புச் சம்பியன். 1993இல் லாகூரில் நம்மை இரண்டாம் இடத்தில் நிறுத்திய அதே அணி. மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோல்டன் கோல் (விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் கோல்) அடித்து 1-0 என்று முடித்தோம். அதற்குப் பிறகு இன்றுவரை தெற்காசியப் பட்டம் நம் பக்கம் வரவே இல்லை. அந்த அணி நம் கிளப்புகளில் ஆடி வளர்ந்த அணி. இப்போதைய அணியில் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்து அங்கேயே பயிற்சி எடுத்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பளை 10:
தம்பி, 1995 வெற்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது ஆறு நாடுகள் ஆடிய சுற்றுப்போட்டி. அதற்குப் பின்னால் நாம் எங்கே போய் விழுந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதல் சுற்று. சீனாவின் மக்காவு அணியிடம் முதல் மெட்ச்சில் 1-0 என்று தோற்றோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு கொழும்புக்கு வரமாட்டோம் என்று மக்காவு மறுத்துவிட்டதால்தான் 3-0 என்று நமக்கு வெற்றி கொடுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். அங்கே தென் கொரியா 8-0 என்று அடித்தது. அந்தச் சுற்றில் ஒரு மெட்ச்கூட நாம் வெல்லவில்லை. 2023 ஜனவரியில் பீபா தடை. அது ஆகஸ்ட்டில் நீங்குவதற்குள் பெங்களூரில் தெற்காசியச் சம்பியன்ஷிப் நம்மை விட்டுவிட்டு நடந்து முடிந்துவிட்டது. தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்தோம்.

அங்கிருந்து எழும்பி 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் கடைசிச் சுற்றுக்குப் போனோம். யாரால்? அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கிளப்புக்கு இருநூறு மெட்ச்சுக்கு மேல் ஆடிய ஜெக் ஹிங்கர்ட், லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா, ஜெர்மனியிலிருந்து வந்த கிளோடியோ கமர்க்நெக்ட். அப்போதைய பயிற்றுவிப்பாளர் அப்துல்லா அல்முதைரி நேபாள அணியின் முன்னாள் பயிற்றுவிப்பாளர். அந்தச் சுற்றில் தாய்பேயை நாம் சும்மா வெல்லவில்லை.

மாத்தளை அண்ணன்:
இரண்டு பேரும் 2006ஐ விட்டுவிட்டீர்களே. பங்களாதேஷில் நடந்த முதலாவது ஏஎஃப்சி (ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளன) செலஞ்ச் கப்பில் நாம் இறுதிப் போட்டிக்கே போனோம். காலிறுதியில் இதே சைனீஸ் தாய்பேயை 3-0 என்று அடித்தோம்! அரையிறுதியில் நேபாளத்தோடு 1-1, பிறகு பெனால்டியில் வெற்றி. இறுதியில் தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்றது வேறு கதை. கசுன் ஜயசூரிய, சன்ன எதிரி பண்டானகே போன்றவர்கள் பெயர் வாங்கிய காலம் அது. அதற்கும் முன்னால், எண்பதுகளில் பக்கீர் அலி டாக்காவின் அபஹானி அணிக்குத் தடுப்பாட்டக்காரராகப் போய் அங்கே பெரிய பெயர் எடுத்தார். நம் வீரர்களை வெளிநாட்டு கிளப் கூப்பிட்டு எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதே பக்கீர் அலிதான் பின்னாளில் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார்.

உதைபந்தாட்டம் ஏன் சரிந்தது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். 1995இல் கோல்ட் கப், 1996 மார்ச்சில் கிரிக்கெட் உலகக் கிண்ணம். ஒரு வருட இடைவெளியில் பிள்ளைகள் எல்லோரும் பந்தைக் கீழே வைத்துவிட்டு மட்டையைத் தூக்கினார்கள். அனுசரணைப் பணமும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

நோர்வூட் பையன்:
அண்ணே, நீங்கள் சொல்வது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. உள்ளூர் வீரர்களை வைத்தே ஆசிய அளவில் ஓர் இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறோம். அப்படியென்றால் இன்றைக்கும் முடியும்.

கம்பளை 10:
எதை வைத்து முடியும்? இப்போது உள்ளூரில் எத்தனை மாதம் லீக் நடக்கிறது? 2021இல் சூப்பர் லீக் என்று தொடங்கினார்கள். நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸும் அதில் ஆடியது. ஜயதிலக மைதானத்துக்கு ஊரே திரண்டு வரும் என்று எதிர்பார்த்தோம். அந்த லீக் நிலைக்கவில்லை. எங்கள் கம்பளை கிறிஸ்டல் பெலஸ் கழகப் பையன்கள் வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்கிறார்கள். வருடம் முழுக்க ஆடிப் பழகிய தாய்லாந்துக்காரனுக்கு எதிரே இவர்களை நிறுத்துவது அந்தப் பையன்களுக்குத்தான் அநியாயம்.

இன்னொன்று. "வெளிநாட்டுக்காரர்கள்" என்று தள்ளிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2021இல் லெபனானுக்கு எதிராக 3-2 என்று தோற்றோமே, அந்த இரண்டு கோலையும் அடித்தவர் பெர்லினில் பிறந்த வசீம் ராசிக். அதே வருடம் கொழும்பில் மாலைதீவோடு 4-4. நான்கும் அவர் கோல்தான். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் இன்று நம் ஜேர்சியில் ஆடுகிறார். தமிழ்ப் பெயர் ஒன்று தேசிய அணியில் வாசிக்கப்படும்போது எனக்கு மனசு நிறைகிறது. உங்களுக்கு இல்லையா?

நோர்வூட் பையன்:
நிறைகிறது, அதை மறைக்கவில்லை. ஆதவனும் வசீமும் நம்மவர்கள்தான். ஆனால் அவர்களை உருவாக்கியது சுவீடனும் ஜெர்மனியும். நாம் என்ன உருவாக்கினோம் என்பதுதான் என் கேள்வி. கிரிக்கெட்டில் கண்டியிலிருந்து முரளி வந்தார், உலகமே பார்த்தது. உதைபந்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவனை அப்படிக் காட்டுங்கள் பார்ப்போம். பந்து உதைக்காத தோட்டம் ஒன்றாவது இருக்கிறதா இங்கே?

டிக்கோயா டீச்சர்:
நான் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் தினமும் காண்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது பிரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் முற்றத்தில். காலையில் பேர் போட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகுதான் அந்த இடம் காலியாகும். ஒரு பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், மறுபக்கம் சரிவு. பந்து சரிவில் விழுந்தால் கானுக்குள் (வடிகாலுக்குள்) உருண்டு, கீழ் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போய்த்தான் நிற்கும். அதனால் பிள்ளைகள் உயர்த்தி அடிக்கவே மாட்டார்கள். எல்லாம் தரையோடு, சின்னச் சின்ன பாஸ். பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளும் திறமை அவர்களிடம் அப்படி இருக்கிறது. ஆனால் முழு அளவு மைதானத்தில் இறக்கிவிட்டால் இருபது நிமிடத்தில் இடம் தெரியாமல் தடுமாறுகிறார்கள். நீளப் பந்து போடவும் தெரியாது, தலையால் முட்டவும் தெரியாது. அந்த அளவு மைதானத்தை அவர்கள் போட்டி நாளில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

நோர்வூட்டிலும் ஹட்டன் டன்பாரிலும் நல்ல மைதானம் இருக்கிறது. உள் தோட்டத்திலிருந்து அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வேன் பிடிக்க வேண்டும். கொழும்பில் தெரிவு என்றால் இன்னும் மோசம். முந்தின நாளே புறப்பட வேண்டும், கூடப் போகும் அம்மாவுக்கு இரண்டு நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும். பதினாறு வயதில் நன்றாக ஆடிய ஒரு மாணவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவனைத் தெரிவாளர்கள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

மாத்தளை அண்ணன்:
டீச்சர், இதைத்தான் யாராவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கம்பளை 10:
டீச்சர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அது வெளிநாட்டு வீரர்கள் மீதான குற்றச்சாட்டு ஆகாது. ஹிங்கர்ட்டை நீக்கினால் அந்த இடத்துக்கு டிக்கோயா பையன் வரப்போவதில்லை. வழக்கம்போல கொழும்பிலிருந்தும் படை அணிகளிலிருந்தும்தான் ஆள் வருவார். தேசிய அணி வென்றால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் மைதானம் வரும்.

நோர்வூட் பையன்:
1995இல் வென்றோமே அண்ணே, மைதானம் வந்ததா?

கம்பளை 10:
அப்போது அந்த வெற்றியைப் பயன்படுத்தத் தெரியவில்லை. இப்போதும் அப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள்.

டிக்கோயா டீச்சர்:
நீங்கள் இருவரும் அணியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் தெரிவைப் பற்றிக் கேட்கிறேன். பதினாறு வயதுக்கு உட்பட்டோர் தெரிவை வருடத்தில் ஒரு தடவை நாவலப்பிட்டியிலோ ஹட்டனிலோ வைக்க இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கு என்ன தடை? மைதானம் இருக்கிறது, கிளப் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. தெரிவாளர்கள் மூன்று பேர் மலை ஏறி வந்தால் போதும், முந்நூறு பிள்ளைகள் இறங்கிப் போக வேண்டியதில்லை.

நோர்வூட் பையன்:
டீச்சர், கடிதமாக எழுதுங்கள். எங்கள் கழகத்தின் கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன். கம்பளை அண்ணே, வாதம் முடியவில்லை. 1995தான் பெரிய அணி என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கம்பளை 10:
எனக்கும் மாற்றமில்லை தம்பி. கிறிஸ்டல் பெலஸ் பையன்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். கடிதத்தை முதலில் இங்கே போடுங்கள் டீச்சர், அனுப்பும் முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.